ரெட்ரோ வரை காத்திருப்பதா, அங்கேயே நிறுத்திச் சரிசெய்வதா?

வேலையில் வரும் சிக்கல்களைத் தீர்க்க இரண்டு வழி. மென்பொருள் டீம்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலைமுறை சொல்லும் வழி, ஸ்பிரிண்ட் (ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்று) முடியும்போது டீம் மொத்தமும் உட்கார்ந்து எது நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று பேசுவது; அந்தக் கூட்டம்தான் ரெட்ரோ. இன்னொன்று டொயோட்டா ஆலை வழி: குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார், குழுத் தலைவர் உடனே வருவார், குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் தீரவில்லையென்றால் வரிசையே நிற்கும்.

அன்றாடச் சிக்கல்களுக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கோடைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் சில நேரம் மட்டும் ஃபெயில் ஆகிறது என்று வையுங்கள். பார்த்தவர் மறுபடி ஓட்டுகிறார், பாஸ் ஆகிறது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பத்து நாள் கழித்து ரெட்ரோவில் அதைப் பேசும்போது அந்த லாக் (டெஸ்ட் ஓடியதன் பதிவு) இருக்காது, எந்த மாற்றத்துக்குப் பிறகு ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, 'டெஸ்ட்களை நம்ப முடியவில்லை' என்று ஒரு சீட்டு ஒட்டப்படும், அடுத்த ரெட்ரோவிலும் அதே சீட்டு வரும். அன்றே இரண்டு பேர் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் தடயம் கண்முன்னே இருந்திருக்கும்.

இந்தச் சீட்டு நோய்க்கு 2017 ஸ்க்ரம் கையேட்டில் ஒரு மருந்து இருந்தது: ரெட்ரோவில் கண்ட முன்னேற்றம் ஒன்றாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாக்கில், அதாவது அந்தச் சுற்றின் வேலைப் பட்டியலில், இருக்க வேண்டும். 2020 பதிப்பில் அதைச் 'சேர்க்கலாம்' என்று தளர்த்திவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பழைய விதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் ரெட்ரோ வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கோட் ரிவ்யூவில் (அடுத்தவர் கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் இடம்) ஒருவர் எழுதும் தொனி புதிதாக வந்தவரை வாயடைக்க வைக்கிறது, டெப்ளாய் செய்யத் (புதிய கோடைப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோகத்) தெரிந்தவர் ஒரே ஆள்தான், அவர் லீவு போட்டால் எல்லோருக்கும் பயம். இதற்கெல்லாம் யாரும் நடுவேலையில் கயிறு இழுக்க மாட்டார்கள். நிதானமாகப் பேச ஒரு நேரம் வேண்டும், ஒரு மாத ஸ்பிரிண்ட்டுக்கே அதிகபட்சம் 3 மணி நேரம்தான் கேட்கிறார்கள், அது பெரிய விலையே இல்லை.

நிறுத்தும் வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. நிறுத்தியவரிடம் "டெட்லைன் இருக்கும்போது இது தேவையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அப்புறம் யாரும் நிறுத்த மாட்டார்கள். டீம் லீடு உடனே வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், கயிற்றில் பாதி அதுதான். எல்லாவற்றுக்கும் நிறுத்தவும் வேண்டாம். அடுத்தவர் வேலையையும் தடுக்கும் சிக்கலா என்று பார்த்தால் போதும்.

இனி ரெட்ரோவில் யாராவது உடைந்த பில்ட் (கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கும் படி) பற்றிப் பேசினால், அன்றைக்கே நிறுத்த எது தடுத்தது என்று அவரிடமே கேளுங்கள்.