போடி அச்சகம் ஒன்றில் செய்த கியூஆர் ஸ்டிக்கர்: நான்கு மாத அனுபவம்

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்து, ஐம்பது கிராம், நூறு கிராம் பொட்டலங்களாகக் கட்டி, கம்பம் தொடங்கிக் குமுளி வரையுள்ள கடைகளுக்குப் போடுவது எங்கள் தொழில். பொட்டலத்தின் பின்புறம் ஒட்டும் கியூஆர் ஸ்டிக்கரை இந்த ஆண்டு எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் செய்து வாங்கினோம். இணைப்புக்குப் பெயர் தேர்வதிலிருந்து அச்சடித்துக் கொடுப்பது வரை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு சேவையை நம்பினோம். அது கொடுத்த முகவரியின் கடைசி ஏழு எழுத்துகளில் ஒன்று ஆங்கில ‘எல்’லா, பெரிய ‘ஐ’யா என்று எனக்கே தெரியவில்லை. இலவசக் காலம் முடிந்ததும், எங்கள் பக்கத்துக்குப் பதிலாகக் கட்டணம் கேட்கும் பக்கம் திறந்தது. அச்சடித்த ஸ்டிக்கர்கள் அதற்குள் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. பெரிய நிறுவனமாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு: நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் கூகுளின் சேவை 2019 மார்ச்சில் புதிய இணைப்பு தருவதை நிறுத்தியது, நெடுநாள் யாரும் தொடாத பழைய இணைப்புகளும் 2025 ஆகஸ்டில் செயலிழந்தன.

ஆகவே இந்த அச்சகத்தார் முதலில் செய்தது, எங்கள் பெயரிலேயே ஒரு சிறிய டொமைன், அதாவது எங்களுக்கே சொந்தமான இணைய முகவரிப் பெயர், வாங்க வைத்தது. அடுத்து, முகவரியில் அந்த டொமைனை அடுத்துவரும் சாய்கோட்டுக்குப் (/) பின்னால் வர வேண்டிய பெயரைக் கேட்டார்கள். நான் ‘ஏலக்காய்’ என்றேன். உடனே அங்கிருந்த நால்வரிடம் அதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னார்கள். நான்கும் நான்கு விதமாக வந்தன. ஒருவர் ‘இ’யில் தொடங்கினார், ஒருவர் ‘ஒய்’யில் தொடங்கினார், ‘கே’ சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. மலையாளிகளோ ‘ஏலக்கா’ என்று முடித்துவிடுவார்கள். கடைசியில் ‘ஏலம்’ என்று முடிவானது. தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் செடிக்கு அதே பெயர், ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. போடியில் ஏலம் என்றால் கூறி விற்பதும் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அதை லேலம் என்பார்கள், எனவே அந்தப் பக்கம் குழப்பமில்லை. ‘ஒய்’யில் தொடங்கித் தட்டினாலும் அதே பக்கம் திறக்கும்படி இன்னொரு பெயரையும் சேர்த்தே வைத்துக் கொடுத்தார்கள். இந்த அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று ஆசையாகக் கேட்டேன். கணினி அந்த முகவரியைக் குறியீட்டுக்குள் வைக்கும்போது ‘ஏலம்’ என்ற சிறிய சொல் 36 எழுத்தாக நீளும் என்று திரையிலேயே காட்டினார்கள். மனம் ஒப்பவில்லை என்றாலும் ஏற்றுக்கொண்டேன்.

நீளம் குறைந்ததன் பலனை ஸ்டிக்கரில் கண்கூடாகப் பார்க்கலாம். பழைய முகவரிகளில் ஒன்று 98 எழுத்து. பிழைதிருத்தம் என்பது குறியீட்டின் ஒரு பகுதி சிதைந்தாலும் படிக்க உதவும் ஏற்பாடு; அதை நடுத்தர அளவில் வைத்தால் அந்த முகவரிக்கு 41க்கு 41 கட்டங்கள் தேவை. புதியது, தொடக்கத்தில் வரும் எட்டு எழுத்துகளையும் சேர்த்து 24; அதற்கு 25க்கு 25 போதும். நான்கு பக்கமும் விட வேண்டிய நான்கு கட்ட வெற்றிடத்தையும் கணக்கிட்டால், இரண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கரில் ஒரு கட்டம் முன்பு 0.4 மில்லிமீட்டர், இப்போது 0.6 மில்லிமீட்டர். டீக்கடையின் மங்கிய விளக்கிலும் பழைய கைபேசி இதைச் சட்டென்று படிக்கிறது.

அவர்களுடைய இன்னொரு கைவேலையையும் சொல்ல வேண்டும். குறியீட்டுக்குள் முகவரி முழுவதையும் பெரிய ஆங்கில எழுத்தில் வைத்தார்கள். பெரிய எழுத்தும் எண்ணும் கியூஆரில் இடம் குறைவாகவே பிடிப்பதால், அதே 25 கட்டத்துக்குள் பிழைதிருத்தத்தை 15 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்த முடிந்தது. மூட்டையில் உரசி மூலை தேய்ந்த பொட்டலங்களும் அதனால் வேலை செய்கின்றன. பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும் ஒரே பக்கம் திறக்கும்படி தளத்தில் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். அதைச் செய்யாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

ஸ்டிக்கரில் உள்ள முகவரி, எங்கள் அப்போதைய பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது; இதைத் தற்காலிகத் திருப்பமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நிரந்தரத் திருப்பமாக வைத்தால் சில கைபேசிகள் பழைய பக்கத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும். அறுவடைக்கு அறுவடை பக்கத்தை மாற்றும் எங்களுக்கு அது ஆகாது.

குறியீட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிட்டிருப்பது என்னை மிகவும் மகிழ்வித்தது. சென்ற மாதம் குமுளிக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில், “அண்ணாச்சி, ஒரு ஆளு எட்டு மில்லிமீட்டர் ரகம் வேணும்னு கேக்குறாரு, எந்தப் பக்கத்துல பாக்கணும்?” என்றார். நான் முகவரியை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்காமல் தட்டித் திறந்துவிட்டார். சென்ற ஆண்டு இதே கேள்விக்கு வாட்சப்பில் இணைப்பை அனுப்பிவிட்டு, அது திறந்ததா என்று மறுபடியும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. மினுமினுப்பான பிளாஸ்டிக் உறை போட்டு அச்சிட்டதால், வெயிலில் தொங்கும் பொட்டலங்களில் ஒளி பட்டுத் தெறிக்கிறது. கடைக்காரர் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்க வைக்கிறார். வேலை முடியப் பதினொரு நாள் ஆயிற்று, விலையும் அக்கம்பக்கத்து அச்சகங்களைவிடக் கூடுதல். ஓணத்துக்கு வரும் அடுத்த தொகுதியை மினுமினுப்பில்லாத உறையில் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதிரி ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி, நண்பகல் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.