வாட்ஸ்அப் குழு: 1991 பேட்ச் தோழிகளுக்கு எவ்வளவு உதவுகிறது?

பழைய கல்லூரித் தோழிகளைத் தொடர்பில் வைத்திருக்க வாட்ஸ்அப் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மதுரை லேடி டோக் கல்லூரியில் 1991இல் வேதியியல் முடித்த எங்கள் வகுப்புக் குழுவுக்குப் பல வருடங்களாக நான்தான் அட்மின். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஆள் கிடைத்துவிட்டால், அதற்கப்புறம் பேசிக்கொண்டிருக்க இதைவிட நல்ல வசதி எனக்குத் தெரியவில்லை. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவும், கிடைத்தவளைத் திரும்பத் தொலைக்காமல் இருக்கவும் இது மட்டும் போதாது.

பெண்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும். எங்கள் வகுப்பில் சாந்தி மட்டும் மூன்று பேர். எஸ், எம், பி என்று இனிஷியலை வைத்துத்தான் கூப்பிடுவோம். கல்யாணத்துக்கு அப்புறம் மூன்று இனிஷியலும் மாறிவிட்டன. ஆட்டோகிராப் நோட்டில் எழுதிக் கொடுத்த முகவரிகள் எல்லாம் அப்பா வீட்டு முகவரிகள். அப்பா ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி செய்தால், அந்த முகவரியும் போச்சு. கைபேசி என்ற ஒன்றே இந்தியாவுக்கு 1995இல்தான் வந்தது.

ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இருந்த நாட்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சிலரைக் கண்டுபிடித்தோம். அது 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. ஃபேஸ்புக்கில் தேடினால் பழைய பெயர் இருக்காது, படத்தில் முகத்துக்குப் பதில் பேத்தியோ பிள்ளையாரோ இருப்பார். கடைசியில் கைகொடுத்தது ஊர்தான். திண்டுக்கல்லில் இருப்பவள் அங்கே விசாரித்தாள், காரைக்குடிக்காரி தன் பக்கத்துக் கல்யாண வீடுகளில் கேட்டாள். ஒருத்தி கிடைத்தால் அவளுக்கு இன்னொருத்தியின் தங்கை எண் தெரிந்திருக்கும். இந்தத் தேடல் வேலையை எந்தச் செயலியும் செய்து தராது.

சரி, குழுவில் சேர்ந்த பிறகு? குரல் செய்திக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம், தமிழில் தட்டச்சு செய்யப் பொறுமை இல்லை. மைக்கை அழுத்தி "ஏய், எப்படிடி இருக்க?" என்று கேட்டாலே போதும். ஹாஸ்டல் வராந்தாவில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கரகரத்துப்போய் வருகிறது. எழுத்தில் ஒரு வரிகூடப் போடாத தோழி, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அஞ்சு நிமிடம் பேசி அனுப்புகிறாள். நானும் அடுப்படியில் நின்றபடியே கேட்கிறேன்.

சந்திப்புக்குத் தேதி முடிவு செய்ய வாக்கெடுப்பு வசதி ரொம்ப உபயோகம். முன்பெல்லாம் "எனக்கு ஞாயிறு சரிப்படாது" என்று ஆளுக்கொன்று எழுதி, கடைசியில் யாருக்கு எது சரி என்றே தெரியாமல் போகும்.

ஃபார்வர்டுகள்தான் குழுவைக் கெடுப்பவை. காலை வணக்கப் பூ, மருத்துவக் குறிப்பு, தேர்தல் நேரத்துச் சண்டை. இவற்றுக்கு நடுவே ஒரு தோழியின் அம்மா இறந்த செய்தி மேலே போய், பாதிப் பேர் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். 2022 நவம்பரில் வந்த, பல குழுக்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கம்யூனிட்டி வசதியை அதற்காகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அறிவிப்புக் குழுவில் அட்மின்கள் மட்டும் எழுதுவோம்: கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி, சந்திப்பு. அரட்டைக்குத் தனிக் குழு, விருப்பம் உள்ளவர்கள் சேரலாம். அறிவிப்புக் குழுவில் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணக் குழுவில் நம் எண் எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக் குழுவில் அட்மின்களுக்கும், நம் எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். வீட்டுச் சூழ்நிலையால் எண்ணைப் பலருக்கும் கொடுக்கத் தயங்கியவர்கள் இதனால்தான் உள்ளே வந்தார்கள்.

குழுவை விட்டுச் சத்தமில்லாமல் விலகும் வசதியும் 2022இல் வந்ததுதான். யாராவது போனால் அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் வரும். கணவரை இழந்த ஒரு தோழி அப்படித்தான் விலகினாள். நாள் தவறாமல் வரும் பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்துகளை அவளால் பார்க்க முடியவில்லை. நான் போன் செய்தேன், நிறைய நேரம் பேசினோம். இப்போது அறிவிப்புக் குழுவில் மட்டும் இருக்கிறாள். அட்மினாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாராவது விலகினால் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அடுத்து எண் மாறும் சிக்கல். வாட்ஸ்அப்பில் நம் அடையாளமே கைபேசி எண்தான். 120 நாள் பயன்படுத்தாவிட்டால் கணக்கு பொதுவாக அழிக்கப்பட்டுவிடும், குழுவிலிருந்தும் பெயர் போய்விடும். மகனோடு அமெரிக்கா போய் ஆறு மாதம் அங்கே வேறு எண்ணில் மட்டும் வாட்ஸ்அப் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு கம்பெனிகள் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரோ எடுப்பார்கள். எண் மாறுகிறது என்றால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'எண்ணை மாற்று' என்று இருப்பதைப் பயன்படுத்துங்கள், குழுக்கள் அப்படியே தொடரும்.

இதனால் நான் ஒரு எக்செல் பட்டியல் வைத்திருக்கிறேன். கல்லூரி இனிஷியலோடு பெயர், இப்போதைய பெயர், ஊர், இரண்டு எண்கள். இரண்டாவது எண் மகளுடையதோ தம்பியுடையதோ. கணவர் எண்ணைவிட மகள் எண் சீக்கிரம் பதில் சொல்கிறது என்பது என் அனுபவம். பட்டியலின் பிரதி மூன்று பேரிடம் இருக்கிறது, எனக்கு ஏதாவது ஆனாலும் அது காணாமல் போகக்கூடாது.

பழைய பேச்சுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாஹூ குரூப்ஸ் என்ற மின்னஞ்சல் குழுச் சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது; அதற்கு முன்பே பழைய கடிதங்கள் அழிக்கப்பட்டு, உலகம் முழுவதும் பல வகுப்புகளின் கடிதங்கள் போயின. வாட்ஸ்அப்பில் அரட்டையை ஏற்றுமதி செய்து கோப்பாக எடுத்து வைக்கலாம், படங்கள் இல்லாமல் எடுத்தால் அதிகச் செய்திகள் கிடைக்கும். குழுவில் மேம்பட்ட அரட்டைத் தனியுரிமை (Advanced Chat Privacy) என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் ஏற்றுமதி ஆகாது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் பொங்கல் லீவில் இதைச் செய்துவிடுவேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். குரல் செய்திக்கும் அறிவிப்புக் குழுவுக்கும் இன்னும்கூடக் கொடுக்கலாம். ஆனால் பி. சாந்தி இன்னும் கிடைக்கவில்லை. கடைசியாகக் கேள்விப்பட்டது சேலம் பக்கம் என்று, அங்கே இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.