செஸ் ஒலிம்பியாட் பார்க்கப் பூஞ்சேரி போனோம்

மெல்பர்னில் பையனுக்குப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. வகுப்பாசிரியரிடம் சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் சென்னைக்கு வந்துவிட்டோம். நாட்டு அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் இங்கே. பொதுப் பிரிவில் 180-க்கு மேல் அணிகள், பெண்கள் பிரிவில் 160-க்கு மேல். இத்தனை பேரும் திருவான்மியூரில் இருக்கும் அப்பா வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வந்து ஆடும்போது, அதைக் கடல் தாண்டி இருந்துகொண்டு கணினியில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பார்வையாளராக எனக்குக் கிடைத்த வசதிகள், கிடைக்காமல் போனவை, வழியில் மக்கள் சொன்னவை எல்லாவற்றையும் நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் உலக செஸ் கூட்டமைப்பு அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. மார்ச்சில் சென்னைக்கு வந்தது. ஜூலை 28 தொடக்க விழா. இடையில் இருந்தது நான்கரை மாதம்கூட இல்லை. தமிழக அரசு 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஏற்பாடு செய்தது. இவ்வளவு குறைந்த காலத்தில் இதைச் செய்து முடித்தது பெரிய காரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் குறைகளும் வரும்.

வீட்டிலேயே இரண்டு கட்சி. அப்பா இளவயதில் சோவியத் கலாச்சார மையத்தில் நடந்த டால் செஸ் கிளப்புக்குப் போனவர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் தொடங்கியது, விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம். "நம்ம ஊருக்கு இது வராம வேற எங்க வரும்?" என்பது அவர் பேச்சு. சித்தப்பாவுக்கு வேறு கணக்கு. 2013-இல் ஆனந்தும் நார்வேயின் கார்ல்சனும் சென்னையில் மோதிய உலக சாம்பியன் போட்டிக்கு அரசு 29 கோடி செலவு செய்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்போ ஹோட்டலுக்குள்ள நடந்துச்சு, இப்பவும் ஹோட்டலுக்குள்ளதான் நடக்குது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் நடக்குது, பந்தியில நம்ம ஆளுங்களுக்கு இலை இல்லை" என்றார். விளம்பரப் பலகையில் யார் படம் போடுவது என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டு, அது உயர் நீதிமன்றம் வரை போய், குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்ததில் அவருக்கு வெறுப்பு இன்னும் கூடியிருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அப்பாவும் அவர் பக்கம்.

நகரத்துக்குள் எங்கே திரும்பினாலும் போட்டியின் சின்னமான 'தம்பி' நின்றான். வேட்டி சட்டை போட்டுக் கைகூப்பி நிற்கும் அந்தக் குதிரையைக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம். எங்களை அழைத்துப்போன ஆட்டோ அண்ணன் பாலத்தில் வேகத்தைக் குறைத்து, "பாருங்கக்கா, எப்படி ஜொலிக்குது. ஆனா ராத்திரியில வண்டிய நடுவுல நிறுத்தி செல்ஃபி எடுக்கிறாங்க. ஹாரன் அடிச்சா நம்மள முறைக்கிறாங்க" என்றார். நீங்கள் செஸ் ஆடுவீர்களா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, பொண்ணு பள்ளியில் ஆட ஆரம்பித்திருக்கிறாள் என்றார். அவளுக்குக் காட்டுவதற்காகவே பாலத்துக்கு ஒரு முறை அழைத்து வந்தாராம். போட்டி நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போவது பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அங்கே எல்லாரையும் விடுவார்களா என்று என்னிடமே கேட்டார்.

விடுவார்கள், டிக்கெட் வாங்கினால். டிக்கெட் இணையத்தில். மாணவர் போன்ற சிலருக்குச் சில நூறு ரூபாய்ச் சலுகை விலை இருந்தது. மற்றவர்கள் முன்னணி அணிகள் ஆடுவதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. விற்ற தளத்தில் என் ஆஸ்திரேலிய வங்கி அட்டை கடைசிப் படியில் நின்றுவிட்டது. மறுபடி மறுபடி முயன்று, கடைசியில் அத்தை மகன் தன் ஜிபேயில் கட்டி முடித்தான். உறவினர் யாரும் இல்லாமல் வரும் வெளிநாட்டுப் பார்வையாளர் என்ன செய்வார்? முழு நாளுக்கு விலை மிக அதிகம் என்பதால் இரண்டு மணி நேர டிக்கெட்டையே எடுத்தோம். அதன் பலன் அங்கே போனபின் தெரிந்தது, சொல்கிறேன்.

ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, எட்டாவது சுற்று. போக்குவரத்து நான் பயந்தது போல இல்லை. சுற்றுலாத் துறை மாமல்லபுரத்துக்கு இலவசப் பேருந்து விட்டிருந்தது. குளிர்சாதனம் இல்லை, ஆனால் சுத்தமாக இருந்தது. நடத்துநர் அப்பாவைக் கைபிடித்து ஏற்றினார். இறங்கிய இடத்திலிருந்து அரங்கு வாசல் வரை மட்டும் அறிவிப்புப் பலகைகள் போதவில்லை, அதுவும் வெயிலில் வயதானவர்கள் அலையும்படி ஆகிவிட்டது. வாசலில் தன்னார்வலர்களாக நின்ற கல்லூரிப் பிள்ளைகள்தான் குறையை நிரப்பினார்கள். கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில். எனக்குத் தண்ணீர் பாட்டில் தேடிக்கொடுத்த பெண் காலையிலிருந்து உட்காரவே இல்லை என்று அவள் தோழி சொன்னாள்.

சோதனை கடுமையாக இருந்தது. கைபேசி, கடிகாரம் எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது. செஸ்ஸில் அது நியாயம்தான். டோக்கன் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வாங்கும்போதும் குழப்பம் இல்லை. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றிப் புகார் சொல்வது நாங்கள்தானே.

உள்ளே போனதும் பையன் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். அவ்வளவு பேர், அவ்வளவு அமைதி. கயிறு கட்டிய பாதையில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். கார்ல்சன் எந்த மேசையில் என்று எல்லாருடைய கண்ணும் தேடியது. நான் பார்க்க ஆசைப்பட்டது இந்தியப் பெண்கள் அணியின் ஹரிகாவை. நிறைமாதக் கர்ப்பிணி, நாட்டுக்காக ஆட வந்து உட்கார்ந்திருக்கிறார். தூரத்திலிருந்து ஒரு நிமிடம் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. பாலஸ்தீன அணியில் 8 வயது ராண்டா செடார் ஆடுகிறாள் என்று கேட்டதிலிருந்து பையனுக்கு அவளைப் பார்த்தே ஆக வேண்டும், தன்னைவிடச் சின்னவள் என்பதால்.

அன்று பெரிய மோதல் நம் நாட்டின் இரண்டாவது அணியான இந்தியா 2-க்கும் அமெரிக்காவுக்கும். அந்த அணியின் குகேஷ் அதுவரை ஆடிய ஏழு ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தான். எதிரே அமெரிக்காவின் கருவானா. பக்கத்து மேசைகளில் அவன் அணியின் நிஹால், பிரக்ஞானந்தா, ரௌனக். அந்த இடத்தில் கூட்டம் நகர மறுத்தது. அப்பா பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதில், "பையன் பயப்படல" என்றார். அதற்குள் பின்னாலிருந்து நகரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் தேடிய வரை பார்வையாளர் உட்கார அந்தப் பாதையில் ஒரு நாற்காலி இல்லை. ஒரு தன்னார்வலப் பையன் எங்கிருந்தோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து ஓரமாகப் போட்டான். அங்கிருந்து பலகை தெரியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய, இந்த ஆட்டத்தை வாழ்நாள் முழுக்க நேசித்த ஒருவர் அரங்குக்குள் வந்தும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நேரமும் கழுத்தைப் பிடித்தது. ஆட்டம் 3 மணிக்குத் தொடங்கும். முதல் 40 நகர்த்தலுக்கு ஒருவருக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல், அப்புறம் இன்னும் அரை மணி. கணக்குப் போட்டால் கடுமையான ஆட்டம் ஏழு, எட்டு மணி வரை போகும். இரண்டு மணி நேரச் சீட்டுக்காரர் 5 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். கடிகாரம் நெருக்கி, கை நடுங்கி, தப்பு நடக்கிற நேரம் அதற்குப் பிறகுதான். கிரிக்கெட்டில் கடைசி பத்து ஓவருக்கு முன்னால் கூட்டத்தை வெளியே அனுப்பினால் யாராவது பொறுப்பார்களா? மெல்பர்ன் டென்னிஸில் மைதான நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கியவர்கூடப் பெரிய திரைக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்து கடைசிப் பந்துவரை பார்க்கலாம். பூஞ்சேரியில் புல்வெளிக்கா பஞ்சம்?

ஆனாலும் உள்ளே எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. அரசுப் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பள்ளிகளில் போட்டி வைத்து, ஜெயித்தவர்களை அழைத்து வந்திருந்தார்கள். வெளியே வந்தபின் அப்பா ஒரு பெண்ணிடம் ஊர் கேட்டார். "மன்னார்குடி பக்கம், தாத்தா" என்றாள். பூவனூர் தெரியுமா என்றார் அப்பா. சிவபெருமான் சதுரங்கம் ஆடி அரசன் மகளை ஜெயித்து மணந்ததாகச் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் கோயில் அங்கே இருக்கிறது, தொடக்க விழாவில் பிரதமர்கூட அதைச் சொன்னார். "எங்க சித்தி ஊரு அது" என்று சொல்லிவிட்டு அவள் உடனே, குகேஷ் ஆட்டத்தில் குதிரை எங்கே போயிருக்க வேண்டும் என்று என் பையனிடம் வாதாடத் தொடங்கிவிட்டாள். 92 கோடியில் எவ்வளவு இந்தப் பிள்ளைகளுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. போன பங்கு வீணாகவில்லை.

முடிவைப் பார்க்காமல் கிளம்ப மனமில்லாமல் மாமல்லபுரம் கடைத்தெருவுக்கு நடந்தோம். மாவுக்கல்லில் செஸ் காய் செதுக்கி வைத்திருந்த ஒரு சிற்பக் கடையில் கடைக்காரரே கைபேசியில் ஆட்டத்தை ஓடவிட்டிருந்தார். எங்களுக்கும் ஸ்டூல் போட்டார். குகேஷ் கருவானாவை வென்றதை அங்கேதான் பார்த்தோம். ரௌனக்கும் ஜெயிக்க, இந்தியா 2 அணிக்கு 3–1 வெற்றி. கடைக்கு முன்னால் சின்னக் கூட்டம், கைதட்டல், யாரோ டீ சொன்னார். அப்பா முகத்தில் அன்று முழுக்க இல்லாத சந்தோஷம்.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். ஓய்வு நாளன்று வீரர்கள் சிலர் வந்து வாங்கினார்களாம். "ஆனா வழக்கமா சனி ஞாயிறு வர்ற கூட்டம் வரலம்மா. ரோட்ல தடுப்பு வெச்சுத் திருப்பி விடுறாங்கன்னு பயந்து எல்லாரும் பாண்டிக்குப் போயிட்டாங்க. 2019-ல சீன அதிபர் வந்தப்பவும் இப்படித்தான் ஊரையே அழகாக்கினாங்க. லைட்டு போட்டது நல்லது. எங்க கடை மூடிக் கிடந்ததுக்கு யார் என்ன குடுத்தாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே, உலகமே நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறது என்று பெருமைப்பட்டார். இரண்டும் அவருக்கு உண்மை.

பூஞ்சேரிக் கூட்டுரோட்டில் பாசிமணி விற்கும் பெண்களும் அப்படியே. 2021 தீபாவளியன்று முதல்வர் நேரில் வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்த ஊர் இது. அன்று செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தேன். உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா என்று ஒரு அம்மாவிடம் கேட்டால், "ஏதோ குதிரை ஆட்டமாம். வாசல்ல நிக்க விடல" என்றார். தம்பியின் படம் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் ஒரு மணி நேரம் உள்ளே போய் வந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

ஆகஸ்ட் 9 அன்று முடிந்தது. உஸ்பெகிஸ்தானுக்கும் உக்ரைன் பெண்களுக்கும் தங்கம். இந்தியா 2 அணிக்கும் நம் பெண்கள் அணிக்கும் வெண்கலம். அரசு இரண்டு அணிகளுக்கும் தலா ஒரு கோடி அறிவித்தது. சித்தப்பா டிவியைப் பார்த்தபடி, "கொடுக்கட்டும், பசங்க உழைச்சதுக்குக் கொடுக்கட்டும்" என்றார். செலவைப் பற்றிய அவர் கருத்து மாறவில்லை.

எனக்கு அந்தச் செலவில் வருத்தமில்லை. வந்த விருந்தாளிகளை நம் ஊர் நன்றாகப் பார்த்துக்கொண்டது. பார்க்க வந்த நம் ஆட்களுக்கும் அதில் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம். பேருந்து நிலையத்திலும் கடற்கரைக் கோயில் பக்கமும் ஒரு திரை, முதியோருக்குப் பலகை தெரியும் இடத்தில் நாலு வரிசை நாற்காலி, பூஞ்சேரிப் பிள்ளைகளுக்கு இலவச அனுமதி. அடுத்து எந்த உலகப் போட்டியைக் கொண்டுவந்தாலும் சரி, டிக்கெட் வாங்கி 3 மணிக்கு உள்ளே வந்தவரை ஆட்டம் முடியும்வரை இருக்க விடுங்கள்.