விசிறிச் சக்கரம்: கணினியிலா, பட்டறையிலா?

ராணிப்பேட்டை பெல் ஆலையில் அனல்மின் கொதிகலன்களுக்கான பெரிய விசிறிகள் தயாராகின்றன. அதுபோன்ற விசிறியில் இதழ்களோடு சுழலும் சக்கரத்தின் திறனை, அதாவது தின்னும் மின்சாரத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளப் பயன்படுகிறது என்பதை, கூட்ட இரண்டு வழி உண்டு.

பட்டறை வழி தெரிந்ததுதான்: சக்கரம் செய்து, பேலன்ஸ் பார்த்து, ஓட்டி அளப்பது. வரும் எண் நிஜம். கசிவு, உராய்வு, பரப்பின் சொரசொரப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் திறன் ஏன் குறைந்தது என்று மீட்டர் சொல்லாது. இதழின் வடிவத்தை மாற்ற வேண்டுமா, பெரும்பாலும் புதுச் சக்கரம்தான்.

கணினியில், காற்றுப் பாதையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறோம். இதழின் முதுகில் காற்று ஒட்டாமல் பிரிந்து சுழலும் இடம் திரையில் பளிச்சென்று தெரியும். மின்சாரம் வீணாகும் இடங்களில் அதுவும் ஒன்று. இதழின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கணக்கை ஓடவிடலாம், இரும்புச் செலவு இல்லை. இந்தக் கணக்கைப் போடும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம் என்பதால் சிறு பட்டறைக்கும் எட்டும்.

குறையும் உண்டு. காற்றின் கொந்தளிப்பை, அதாவது ஒழுங்கற்ற சிறு சுழல்களை, கணித மாதிரிகளால்தான் தோராயமாகப் பிடிக்கிறோம். விசிறியை எந்தக் காற்றோட்ட அளவுக்கு வடிவமைத்தோமோ அதற்கு அருகில் விடை நன்றாக வரும். ஓட்டம் வெகுவாகக் குறையும்போது தடுமாறும். அங்கே சோதனை மேடையைத்தான் நம்புவேன்.

என் கட்சி: பத்து வடிவங்களைக் கணினியில் சலித்து, தேறும் ஒன்றிரண்டை மட்டும் செய்து அளக்கவேண்டும். அப்புறம் இன்னொன்று. விசிறி தேவைக்கு மேல் காற்றுத் தள்ளினால், முதலில் வேகத்தைக் குறையுங்கள். மின்தேவை வேகத்தின் மும்மடிப்படி மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும் (0.8 × 0.8 × 0.8 = 0.512).