அந்தமான் டைவிங்குக்கு 15 கிலோ: எதைச் சுமப்பது, எதை அங்கேயே வாடகைக்கு எடுப்பது

பெங்களூரிலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம் போக, சாதாரண எகானமி டிக்கெட்டில் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. பிசிடி (காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) என்று முழு செட்டையும் கட்டினால் பையின் எடையோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல் அதிலேயே போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை நாலைந்து டைவ் போகிறவர்களுக்கு அது வீண் சுமை. டைவிங் நடக்கும் ஹேவ்லாக் தீவில் (இன்றைய ஸ்வராஜ் த்வீப்) டைவ் கட்டணத்தோடு பெரும்பாலும் கியரும் சேர்ந்தே வரும். முகத்திலும் மணிக்கட்டிலும் போடுவது சொந்தமாக இருக்கட்டும், முதுகில் ஏறுவது வாடகைக்கு இருக்கட்டும். பல சீசன் பயன்படுத்திப் பார்த்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

முதலில் மாஸ்க். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால்தான் அது உங்கள் மாஸ்க், விலை எதுவானாலும் சரி. மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே கசியும். அந்த இடத்தில் மட்டும் சில மில்லிமீட்டர் ட்ரிம் செய்தால் போதும், முழுசாக எடுக்கத் தேவையில்லை. வாஸலின் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தடவியே ஆக வேண்டுமென்றால் சிலிகான் கிரீஸ். நீச்சல் கண்ணாடி இதற்கு மாற்றாகாது. அதில் மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே அழுத்தத்தைச் சமன் செய்ய வழியில்லை, ஆழம் போகப் போகக் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும்.

புது மாஸ்க்கில் எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் பனிமூட்டம். தயாரிப்பின்போது சிலிகான் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், அதன் மேல்தான் நீராவி ஒட்டுகிறது. ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை உள்பக்கம் விரலால் இரண்டு மூன்று நிமிஷம் தேய்த்துக் கழுவுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும், வீட்டிலேயே. படகில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. லைட்டரால் சுடும் முறையும் உண்டு, ஆனால் ஓரத்துச் சிலிகான் உருகினால் மாஸ்க் போச்சு. ஆன்டி-ஃபாக் பூச்சு உள்ள கண்ணாடியில் டூத்பேஸ்ட்டும் கூடாது, நெருப்பும் கூடாது. அதன் பிறகு டைவுக்கு முன் பேபி ஷாம்பூ ஒரு சொட்டு தடவி, ஒரே ஒரு முறை அலசினால் போதும். நெற்றியில் சன்ஸ்கிரீனும் தலையில் தேங்காய் எண்ணெயும் இருந்தால் இந்த உழைப்பெல்லாம் வீண்.

பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு அரை பவர் இடைவெளியில் ரெடிமேட் மைனஸ் லென்ஸ் பொருத்தும் மாஸ்க் மாடல்கள் உண்டு. சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் அது போதாது, சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ்தான் சரி. கூடவே மாஸ்க் பட்டை ஒன்று உபரியாக இருக்கட்டும். பட்டை எப்போதும் பக்கிள் பக்கத்தில்தான் விரிசல் விடும், கிளம்பும் முன் அங்கே இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் மணிக்கட்டுக் கருவி. வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதன் பட்டன்களைப் புரிந்துகொள்வதற்குள் டைவ் முடிந்துவிடும். பேட்டரியைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். டைவ்களுக்கு நடுவே மாற்றினால் பல மாடல்களில் உடம்பில் சேர்ந்திருக்கும் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். அப்புறம் அது உங்களைப் புது ஆளாக நினைத்துக்கொண்டு தாராளமாக நேரம் காட்டும். நாணய பேட்டரியின் எண் மாடலுக்கு மாடல் வேறு: கிரெஸ்ஸி லியோனார்டோவுக்கு 2430, மாரெஸ் பக் ப்ரோவுக்கு 2450. பெங்களூர் எஸ்பி ரோட்டில் வாங்குவது சுலபம், தீவில் தேடுவது கஷ்டம். மூடியின் ஓ-ரிங்கையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கூடவே மாற்றிவிடுங்கள். ஒரு முடி, ஒரு பஞ்சு இழை அதில் கிடந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும். சிலிகான் கிரீஸ் ரப்பர் பளபளக்கும் அளவுக்குப் போதும், வழிய வழிய வேண்டாம்.

அந்தமான் கடலில் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி. 3 மி.மீ. வெட்சூட் அங்கேயே கிடைக்கும். எடுத்துப் போக வேண்டியது முழுக்கை ரேஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும். வெயிலுக்கும் ஜெல்லிமீனுக்கும், பலர் போட்ட வெட்சூட்டுக்கும் நம் தோலுக்கும் நடுவில் ஒரு தடுப்பாகவும் உதவும். 2 மி.மீ. நியோப்ரீன் (வெட்சூட் தைக்கும் ரப்பர்) சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டால் வாடகை ஃபின்ஸ் குதிகாலை உரிக்காது. சொந்த ஃபின்ஸ் 2 கிலோ வரை வரும், கைப்பையிலும் நுழையாது. எங்கள் பரிந்துரை: வேண்டாம்.

மேலே வரும்போது படகுக்கு அடையாளம் காட்டும் எஸ்எம்பி பலூன் ஆரஞ்சு நிறத்தில், 1.2 மீட்டராவது, 15 மீட்டர் கயிறுள்ள ஸ்பூலோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாட்டும் கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். குரோம் பூசிய மலிவு ரகம் துருப்பிடித்து, விரலால் தள்ளினாலும் திறக்காமல் நின்றுவிடும். டார்ச்சின் லித்தியம் பேட்டரியைக் கழற்றி, முனைகள் உரசாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். உபரி பேட்டரியும் பவர் பேங்க்கும் செக்-இன்னில் போகாது. கத்தி இருந்தால் அது செக்-இன்னில் மட்டும்.

டைவிங் சான்றிதழ் அட்டையை போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் டைவுக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, பிரஷர், சைனஸ் ஆபரேஷன் போன்றவற்றுக்கு 'ஆம்' என்று டிக் செய்தால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அதை பெங்களூரிலேயே வாங்கிவிடுங்கள், தீவில் போய் அலைய முடியாது. வாந்தி மாத்திரை படகு கிளம்பிய பிறகு போட்டால் பலன் குறைவு, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு டைவ் போகவே கூடாது. கீழே இருக்கும்போது அதன் வேகம் தணிந்தால் மேலே ஏறும்போது சைனஸில் காற்று சிக்கிக்கொள்ளும்.

துணிமணி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குறைவாக எடுங்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும், பல நாள் டைவ் போயிருந்தால் 24 வைத்துக்கொள்வது நல்லது. கியர் காயவும் அந்த நாள் உதவும். ஈரத்தோடு கட்டினால் நாற்றமும் சேர்ந்து வரும், எடையும் கூடும், போகும்போது 14 காட்டிய பை திரும்பும்போது 15-ஐத் தாண்டும்.

வீட்டுக்கு வந்தபின் செய்யும் தவறுதான் கியரின் ஆயுளைக் குறைக்கிறது. பெங்களூர் அபார்ட்மென்ட்டுகளில் பாதி நாள் போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீர். அதில் ஊறப்போட்டுக் காயவைத்தால் உப்பு போன இடத்தில் சுண்ணாம்பு உட்காரும். ஜிப் பல், கொக்கி, கம்ப்யூட்டர் பட்டன் எல்லாம் வெள்ளையாகி இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு லிட்டர் ஆர்ஓ தண்ணீர். வீடு துடைக்கச் சேர்த்து வைக்கும் ஆர்ஓ கழிவுத் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள், குழாய்த் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். ஏற்கெனவே வெளுத்த கொக்கியை ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தால் இளகும். பால்கனி வெயில் நியோப்ரீனுக்கு ஆகாது, ஃபேன் காற்று போதும். எஸ்எம்பி பலூனுக்குள் தேங்கிய தண்ணீரை வடித்து, ஸ்பூல் கயிற்றை முழுசாகப் பிரித்து உலர்த்துங்கள். மழைக்கால அலமாரியில் பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். மாஸ்க்கை அதன் டப்பாவில் தனியாக வையுங்கள், கறுப்பு நியோப்ரீனோடு ஒட்டிக் கிடந்தால் தெளிவான சிலிகான் பழுப்பேறிவிடும்.