ஆல்டர்னேட்டர்: பிரித்துச் சரிசெய்வதா, புதுசு மாட்டுவதா?

பழைய கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, திண்டிவனம் தாண்டியதும் ராத்திரியில் ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது, மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக பேட்டரி விளக்கு. பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். எப்படியோ வீடு வந்து சேர்ந்து, மறுநாள் முதல் வேலையாகப் பேட்டரியை மாற்றினேன். நாலே நாளில் புது பேட்டரியும் டவுன். அப்புறம்தான் தெரிந்தது, கோளாறு இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில்.

மூன்று வழி இருக்கிறது. சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வேறு வண்டியில் கழற்றியதை வாங்கலாம். விலை குறைவு, ஆனால் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது, குடும்பத்தோடு போகிற வண்டிக்கு எனக்கு மனசு வரவில்லை. புதுசு விலை அதிகம், ஆனால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். நான் செய்தது மூன்றாவது: ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்வது. கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஏனென்றால் உள்ளே பெரும்பாலும் தேய்வது கார்பனும் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கட்டை) பேரிங்கும், போவது ரெகுலேட்டரும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது). எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடியவை. எங்கள் வண்டியில் ஒரு கார்பன் அரிசி மணி அளவுக்குத் தேய்ந்து கிடந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: லோடு போட்டு, அதாவது மின்சாரம் இழுப்பவற்றை ஓடவிட்டு, பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும், அதுவும் சும்மா நிற்கையில் காட்டினால் போதாது. ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி பார்க்கவேண்டும். கார்பன் மாற்றியதும் எங்களுடையது லோடு இல்லாமல் 14 காட்டியது, எல்லாம் போட்டதும் 12.9க்கு இறங்கிவிட்டது. திரும்பக் கழற்றினால் ஒரு டயோடு போயிருக்கிறது. டயோடு பிளேட்டை மாற்றியபின் அதே லோடில் 14.1. அன்றைக்கு அப்படியே எடுத்து வந்திருந்தால் அடுத்த மழை ராத்திரியில் மறுபடி நடுரோட்டில் நின்றிருப்போம்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பாருங்கள், சில வண்டிகளில் அதோடு சரியாகிவிடும். கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும் புது மாடல்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவரிடம் போங்கள். பிரிக்கும்போது உள்ளே கம்பிச் சுருள் கருகிய வாடை அடித்தால் புதுசே வாங்கிவிடுங்கள்; அந்தக் கம்பியை மறுபடி சுற்றி (ரீவைண்டிங்) ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை.