எங்கள் வீட்டு 2022-ஐ அச்சடித்துத் தந்த கொட்டாஞ்சேனை அச்சகம்

கொழும்பில் குடும்பத்துக்கென்று ஒரு சின்னப் புத்தகம், அதுவும் தமிழில், நாற்பது ஐம்பது பிரதி மட்டும் அடிக்க இடம் தேடுகிறவர்கள் இதை வாசியுங்கள். கலியாணக் கார்ட் அடிக்க எத்தனையோ இடம் இருக்கிறது, இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் அந்தியேட்டி மலர் அடிக்கவும் இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்தை நினைத்துச் சிரிப்பதற்காக ஒரு புத்தகம் என்று போய் நின்றால் பாதி இடத்தில் "யாருக்கு, எதுக்கு" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் இருக்கும் ஒரு பழைய அச்சகம். மார்கழியில் வருகிற வேலையையே சமாளிக்க ஆள் இல்லை, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று முதலாளி ஐயா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உண்மையாகவே தேவை என்றால் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். போன மார்கழியில் டொரொண்டோவில் இருந்து பெரியம்மா குடும்பமும் லண்டனில் இருந்து சித்தப்பா குடும்பமும் வருவதாக இருந்தது. இலங்கை பொருளாதார நெருக்கடியில் கேஸ், பெற்றோல், கரண்ட் இல்லாமல் கிடந்த 2022 பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது: காலிமுகத்திடல் போராட்டம், ஜூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் குதித்த பெடியன்கள், அவ்வளவுதான். வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டுக்குள் மூன்று தலைமுறை எப்படிச் சமைத்துச் சாப்பிட்டது என்று அவர்களுக்கு யார் காட்டுவது? நடக்கும்போது எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவு மட்டும் பார்த்தால் 94.9 வீதம், சம்பளம் மட்டும் அதே சம்பளம். இரவில் அப்பாவும் அம்மாவும் கணக்குக் கொப்பியை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவது அறைக்குள் படுத்திருந்த எங்களுக்கும் கேட்கும். ஆனால் இப்போது வீட்டில் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது, ஒரே கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி வயிறு நோகச் சிரிக்கிறோம். அதை எழுதி வைப்போம் என்று தொடங்கியது தங்கச்சி.

முதலில் கேட்டது நகரத்தில் இருக்கும் பெரிய ஸ்டூடியோ ஒன்றில். போட்டோ புத்தகம் அழகாகத்தான் செய்கிறார்கள், தாள் நல்ல தடிப்பு, பெட்டியும் தருகிறார்கள். ஆனால் அவர்களுடைய அச்சில் தமிழ் ஏறவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி போட்ட வட்டம். "தமிழை விட்டுட்டு இங்கிலிஷில போடுங்களேன்" என்றார்கள். அம்மம்மா வாசிக்க முடியாத புத்தகம் எங்கள் வீட்டுக்கு எதற்கு?

கொட்டாஞ்சேனை ஐயாவிடம் போனபோது அவர் செய்த முதல் வேலை, பென் டிரைவை வாங்கிப் போட்டு முழுவதையும் உட்கார்ந்து வாசித்தது. விலையைக் கூட அதற்குப் பிறகுதான் சொன்னார். வாசித்துக்கொண்டே போனவர் மாமாவின் சிலிண்டர் பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு உள்ளே பார்த்து "தம்பி, இங்க வந்து பார்" என்று மெஷினில் நின்ற பையனையும் கூப்பிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, இங்கேதான் அடிக்க வேண்டும் என்று.

சிலிண்டர் கதை என்னவென்றால், 12.5 கிலோ கேஸ் 4,860 ரூபாவுக்கு ஏறின காலம், அந்த விலைக்கும் கிடைக்காத காலம். வரிசையில் ஆட்கள் நிற்கவில்லை, சிலிண்டர்கள்தான் நின்றன, ஒன்றோடு ஒன்று சங்கிலி போட்டு. மாமா ஒருவரையும் நம்பமாட்டார். தன்னுடைய சிலிண்டரைத் தனியாக, சொந்தச் சங்கிலியால், ரோட்டோரத்து லைட் கம்பத்தில் கட்டிப் பூட்டிவிட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து நித்திரை. விடியமுன்னர் லொறி வந்தது. வரிசை முழுவதும் நகர்ந்தது. மாமாவின் சிலிண்டரை நகர்த்த எவராலும் முடியவில்லை, எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த படத்தில் வெறும் ரோட்டில் லைட் கம்பமும் நீல சிலிண்டரும் மட்டும் நிற்கின்றன, வேறு ஒருவரும் இல்லை. நாங்கள் அதற்குக் கீழே பத்து வரி எழுதி வைத்திருந்தோம். ஐயா சொன்னார், "மகள், இவ்வளவு விளக்கம் வேண்டாம். கதையை முந்தின பக்கத்தில போட்டுட்டு, தாளைத் திருப்பினா படம் மட்டும் முழுசா வரட்டும்." அப்படியே செய்தோம். அந்தத் தாளைத் திருப்பின ஒருவரும் சிரிக்காமல் இருக்கவில்லை. அச்சகத்தில் இப்படி ஒரு யோசனை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்டார். அப்பா பெற்றோல் செட் வரிசையில் காரின் பொனற்றில் துண்டை விரித்து முன்னும் பின்னும் நின்ற கார்க்காரர்களோடு 304 என்ற சீட்டாட்டம் விளையாடும் படம் ஒன்று இருக்கிறது. ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபா ஆகின கிழமை அது. அவர்களுக்கு முன்னால் இரண்டு கார் மட்டும் இருக்கும்போது பெற்றோல் முடிந்துவிட்டது என்று பலகை வைத்தார்கள், மற்றவர்கள் கத்த, அப்பா மட்டும் "இந்தக் கையை முடிச்சிட்டுப் போவம்" என்றாராம். நல்ல கை வந்திருந்தது. அந்தப் படத்தைக் காட்டி ஐயா கேட்டார், "இந்த மற்ற ஆக்களிட்ட கேட்டீங்களா, முகம் தெரியுதே?" அப்பா ஒருவருடன் இன்னும் தொடர்பில் இருக்கிறார், அவர் சந்தோஷமாகச் சரி என்றார், தனக்கு ஒரு பிரதியும் கேட்டார். தொடர்பு இல்லாத மற்றவரின் முகத்தை ஐயாவே படத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டார், கையும் சீட்டும் மட்டும் தெரிகிறது. வேலைக்கு மரியாதை என்பது எனக்கு இதுதான்.

எழுத்துக்கோப்பில் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு, அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து இருக்கும். நாங்கள் கொடுத்தது யூனிகோட். மாற்றும்போது நடுவில் கிடந்த ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தாகிவிட்டது. ஜூலையில் வந்த எரிபொருள் அட்டையைப் பற்றி எழுதிய பக்கத்தில் கியூஆர் என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் "ஞசு". காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று தொடங்கின அந்தக் கியூஆர் அட்டையைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, அம்மா சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. "ஞசுவைக் கும்பிட்டுவிட்டு அப்பா புறப்பட்டார்" என்று ப்ரூஃபில் பார்த்தபோது தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பையன் எல்லாவற்றையும் தேடித் திருத்தினான், அந்த ஓர் இடத்தை மட்டும் அப்படியே விடச் சொன்னோம். உங்கள் புத்தகத்தில் ஆங்கிலம் கலந்து இருந்தால் ப்ரூஃபைக் கட்டாயம் வரிவரியாக வாசியுங்கள், வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள்.

படங்களில்தான் அவர்களுடைய கெட்டித்தனம். எங்களிடம் இருந்ததில் பாதி கரண்ட் இல்லாத நேரத்தில் போனில் எடுத்தவை. மார்ச் 31 ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த இரவு அம்மா தோசை மா அரைக்கக் கரண்ட் வரும் நேரம் பார்த்துக் காத்திருந்த படம்: இருட்டு, அலுமினியச் சட்டியின் விளிம்பு, மா படிந்த விரல் இரண்டு, போன் வெளிச்சத்தில் அரைக் கன்னம். போன் திரையில் நன்றாக இருக்கும் படம் கடதாசியில் ஏறினால் மங்கிப்போகும், திரைக்குச் சொந்த வெளிச்சம் இருக்கிறது, தாளுக்கு இல்லை என்று ஐயா விளங்கப்படுத்தி, ஒரு தாளில் அந்தப் படத்தை நாலு அளவு வெளிச்சத்தில் அடித்துக் காட்டி, எங்களையே தெரிவு செய்ய விட்டார். அதே மாதிரித் தாளும். பளபளக்கும் ஆர்ட் பேப்பர்தான் வேண்டும் என்று நாங்கள் நின்றோம். வயது போனவர்கள் டியூப் லைட்டுக்குக் கீழே வாசிக்கும்போது கண் கூசும், மேட் எடுங்கள் என்றார். அம்மம்மா ஒரே இருப்பில் வாசித்து முடித்தா.

அம்மம்மாதான் புத்தகத்தின் நாயகி. 2022 ஏப்ரல் 3 இரவு நாட்டின் அமைச்சரவை ராஜினாமா செய்தது தெரியும்தானே, எங்கள் வீட்டிலும் அமைச்சரவை மாறியது. மொட்டை மாடியில் விறகு அடுப்பு வைக்க வேண்டி வந்தபோது அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக நெருப்பு மூட்டத் தெரிந்த ஒரே ஆள் பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்த அம்மம்மா. அதுவரை யாரும் கேட்காமல் மூலையில் இருந்தவ, ஒரே கிழமையில் மின்சக்தி, எரிபொருள், உணவு மூன்றுக்கும் பொறுப்பு. மூன்றாம் மாடி சிங்கள ஆன்ட்டியும் ஐந்தாம் மாடிக் குடும்பமும் காலையில் வந்து "அம்மே, இன்று எத்தனை மணிக்கு அடுப்பு" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பு "புதிய அமைச்சரவை பதவியேற்பு", படத்தில் அம்மம்மா ஊதுகுழலோடு நிற்கிறா. இதை நடுப்பக்கத்தில் போடுங்கள் என்று சொன்னதும் ஐயாதான். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் நடுப்பக்கம் மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரும், படம் பிரியாது, அடுப்பும் ஆட்களும் முழுதாக விழும் என்றார். விழுந்தது.

அவருக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று பிறகு விளங்கியது. அந்த வருடம் அச்சகக்காரருக்கும் மறக்கிற வருடம் இல்லை. கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், இரண்டு பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின, எல்லாம் மார்ச் மாதம். "மெஷின் இருந்தது, கரண்ட் இல்லை. கரண்ட் வந்தா கடதாசி இல்லை" என்றார். எங்கள் புத்தகத்தில் அவருடைய வருடமும் இருந்தது.

நாங்கள் கொடுத்தது முப்பது பக்கத்துக்குத்தான் வந்தது. பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், ஆகவே 32. மீதி இரண்டு பக்கத்துக்கு விளம்பரப் படம், பூப்படம் எதுவும் போட்டு நிரப்பாமல், கோடு மட்டும் போட்டு "விட்டுப்போனதை எழுதுங்கள்" என்று வைக்கச் சொன்னார். இந்த இரண்டு பக்கம்தான் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி நிரம்புகிறது. லண்டன் பிரதியில் சித்தப்பா செப்டெம்பர் 11 ஆம் திகதியை எழுதியிருக்கிறார்: ஒரே நாளில் இலங்கைக்குச் சிங்கப்பூரில் வலைப்பந்தாட்ட ஆசியக் கிண்ணம், டுபாயில் பாகிஸ்தானை வென்று கிரிக்கெட் ஆசியக் கிண்ணம், அடுத்த நாள் அம்மம்மா போனில் "எங்கட தர்ஜினி பாகிஸ்தானை வென்றிட்டாளாம்" என்று சொன்னது. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் வென்றது சிங்கப்பூரை, 63க்கு 53. ஆனால் அம்மம்மா கோயிலில் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டா, இனி மாற்ற முடியாது.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கமாட்டார்கள், எடுத்தாலும் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நேரில்தான் போக வேண்டும். சொன்ன திகதிக்குத் தரவில்லை, பெரியம்மா ஆட்கள் வந்து இறங்கின பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது, அம்மாவுக்கு அது பெரிய மனக்கஷ்டம். மார்கழியில் எல்லாத் தமிழ் அச்சகங்களிலும் கலண்டர் வேலைதான், அது தெரிந்தும் திகதி கொடுத்திருக்கக் கூடாது. அப்புறம், விளிம்பு வெட்டு. பின் அடித்து மடிக்கும்போது உள்ளே இருக்கும் தாள்கள் கொஞ்சம் வெளியே தள்ளும், வெட்டும்போது அவற்றில்தான் அதிகம் போகும். எங்கள் புத்தகத்தில் நடுவுக்குக் கிட்ட இருக்கும் பக்கங்களில் பக்க எண் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு பழக்கம் உள்ளவர்கள் இதற்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்கலாம், சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

ஏ5 அளவு, முழுக்கக் கலர், உள்ளே 130 ஜிஎஸ்எம் மேட், அட்டை தடிப்பாக லேமினேஷனோடு. ஒரு பிரதி ஆயிரம் ரூபாவுக்குச் சற்று மேலே வந்தது, பெரிய ஸ்டூடியோ கேட்டதோடு பார்த்தால் நல்ல குறைவு. பாதிப் பணம் முற்பணம், காசாக. கார் கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமே இல்லை. காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். புத்தாண்டுக்கு வேண்டும் என்றால் ஐப்பசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் இரண்டாம் தடவை அடிக்கக் கொடுத்திருக்கிறோம், சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாமா மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அன்று அவருக்கு முன்னால் இருந்த சிலிண்டர்களிலும் பாதிக்குக் கேஸ் கிடைக்கவில்லையாம், அதை அடுத்த பதிப்பில் அவருடைய பெயரோடு போட வேண்டுமாம். ஐயா அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டார்.